அரம்மா பார்த்த பின்

இரும்பின் மேல் அரம்மா அளவுக்குக் கோபப்பட்ட மனிதப் பிறவி இந்த உலகத்தில் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. நாமெல்லாம் மாமியார் மேல், மேனேஜர் மேல், பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபப்படுகிறோம். அரம்மா ஒரு போல்ட்டைக் கையில் எடுத்து, “நீயெல்லாம் ஒரு போல்ட்டா?” என்று கேட்பார். போல்ட் பதில் சொல்லாது. அந்தத் திமிரைப் பார்த்து அவருக்குக் கோபம் இன்னும் ஏறும்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, திரும்பச் சேர்த்து, திரும்பப் பிரித்ததற்கெல்லாம் முந்தைய கதை இது. தொண்ணூறுகளின் கடைசி. ரயிலடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஓர் உலை. உலைக்கு முன்னால் நாற்பத்தைந்து வயதில் ஓர் அம்மா. மற்றவர்கள் சாவிக்கொத்து செருகுகிற இடுப்பில் அவர் ஓர் அரத்தைச் செருகியிருப்பார். அரம் வைத்திருக்கிற அம்மா, அரம்மா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். கேட்டுப் பார்க்க ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவர் தொழில் இரும்புக்குத் தோல் போடுவது. லாரியின் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டுமே, அதற்காக அச்சின் இரண்டு முனையிலும் ஒரு ஜாண் நீளத்தில் ஓர் இரும்புத் தண்டு நிற்கும். கிங் பின் என்பார்கள். மொத்த வண்டியின் கழுத்தும் அதுதான். ஓயாமல் உரசுவதால் அதன் மேல்தோல் தேயாத கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே மட்டும் அந்தக் கெட்டி கூடாது. பள்ளத்தில் விழுகிற அடியை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் இளக்கம் வேண்டும். கடைசல் பட்டறையிலிருந்து வருகிற தண்டுகளை அரம்மா இரும்புப் பெட்டிக்குள் அடுப்புக்கரித் தூளில் புதைத்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, பகல் முழுக்க உலையில் வேகவைப்பார். கரியின் சத்து இரும்பின் தோலுக்குள் ஏறும். பிறகு செக்கச் செவேல் என்று எடுத்து எண்ணெயில் முக்கினால் தோல் மட்டும் கெட்டிப்படும். இதற்குக் கேஸ் போடுவது என்று பெயர்.

உடனே நீங்கள், ‘ஓகோ, அந்த அம்மாவும் இப்படித்தான் போலிருக்கிறது, மேலே கெட்டி, உள்ளே இளக்கம்’ என்று முடிவு கட்டியிருப்பீர்கள். கட்ட வேண்டாம். அரம்மா உள்ளேயும் கோபம்தான். அவர் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, பேசுவதையே நிறுத்திவிட்டு உலைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தார்.

இடுப்பில் இருக்கிற அரம் சோதனைக்கு. கேஸ் போட்ட இரும்பில் அரத்தை இழுத்தால் வழுக்கிக்கொண்டு கீச்சென்று கத்தும். போடாத இரும்பென்றால் அரம் கடித்துக்கொள்ளும். வெள்ளித் தூள் உதிரும். இந்தச் சோதனையை அவர் தன் பட்டறைச் சாமானோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பப்போகிற பஸ்ஸின் அடியில் புகுந்துவிடுவார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். கண்டக்டர் குனிந்து, “ஏம்மா, ஏறுறதா இருந்தா கதவு அந்தப் பக்கம் இருக்கும்மா” என்பார். உள்ளேயிருந்து குரல் வரும்: “ஏறுறதுக்கு இது பஸ்ஸாய்யா? பின்னைப் பாரு, வாழத்தண்டு மாதிரி இருக்கு!”

அவர் தங்கை மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை புது மோட்டார் சைக்கிளில் வந்தார். உள்ளே பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் நடந்துகொண்டிருக்க, வாசலில் கீச், கீச் என்று சத்தம். வந்து பார்த்தால் அரம்மா வண்டியின் செயின் பல்சக்கரத்தை ராவிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய், “என்னங்க பண்றீங்க?” என்றார்.

“பல்லு மெத்துன்னு இருக்குங்க. ஆறு மாசம் தாங்காது.” எழுந்து மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பிக்குப் பல்லு எப்படி?”

கல்யாணம் நடந்தது. பல்சக்கரத்தை மாற்றிய பிறகு.

நான் அப்போது பெரம்பலூரில், திருச்சி போகிற ரோட்டில், ஒரு லாரி உதிரிபாகக் கடையில் கவுன்ட்டர் ஆளாக இருந்தேன். இருபத்தேழு வயது, பி.எஸ்ஸி. பிசிக்ஸ், மாதச் சம்பளம், மஞ்சள் காமாலை வந்து தேறிய உடம்பு. முதலாளி கம்பெனிச் சாமானை முன் வரிசையிலும், கம்பெனிப் பெயர் மாதிரியே இருக்கிற சாமானைப் பின் வரிசையிலும் வைத்திருப்பார். கேட்டவர்களுக்கு முன் வரிசையைக் காட்டிவிட்டுப் பின் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன். இன்றைக்கு அந்தப் பயலை நேரில் பார்த்தால் நானே அறைவேன்.

ஒருநாள் காலையில் அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அரம்மா நேராகக் கடைக்குள் வந்தார். கையில் எங்கள் கடையில் விற்ற ஒரு கிங் பின். வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை. பின்னைத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து அரத்தை இழுத்தார். வெள்ளித் தூள் கொட்டியது. மேலே இருந்த கருப்பு கையோடு வந்துவிட்டது.

“இது என்ன பூசியிருக்கீங்க? கண்மையா?”

“கம்பெனி மாலும்மா அது” என்றார் முதலாளி.

“எந்தக் கம்பெனி? பலூன் கம்பெனியா? கேஸே போடாத பின்னுய்யா இது! இருவது டன்னு சுண்ணாம்புக் கல்ல ஏத்திக்கிட்டு போறவன் இதுலயா திரும்பறது?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதான் வித்தியா? மூஞ்சப் பாரு, பரீட்சைக்கு வந்தவனாட்டம்! பல்ல இளிச்சுக்கிட்டு வித்தியாடா?”

அது ஆரம்பம். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்தார். ரோட்டில் போகிற லாரிக்காரர்களை நிறுத்தி, கடை வாசலிலேயே பாடம் எடுத்தார். “மேல கெட்டியா இருக்கணும், உள்ள இளக்கமா இருக்கணும். மேல இளக்கமா இருந்தா தேயும். உள்ளயும் கெட்டியா இருந்தா ஒடியும்.” இதை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஞாபகம் வைத்திருந்தேன், அதுதான் விஷயம்.

கொஞ்ச நாளில் டிரைவர்கள் எல்லாரும் அரத்தோடு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். பின் வரிசைச் சாமான் நகரவே இல்லை. முதலாளி நகத்தைக் கடித்தார். பிறகு யோசித்து, அரமும் விற்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்த வெளியூர் ஏஜென்ட் வந்தான். வெள்ளைச் சட்டை, ஜவ்வாது வாசனை. மஞ்சள் டப்பாவிலிருந்து ஒரு பின்னை எடுத்து மேஜையில் வைத்து, “அரத்தைப் போடுங்க அண்ணாச்சி” என்றான். முதலாளி போட்டார். அரம் வழுக்கியது. கீச்சென்று கத்தியது.

“கேஸ் போட்டதா?” என்று நான் கேட்டேன்.

அவன் சிரித்தான். “கேஸாவது, கீஸாவது. பகல் பூரா யாருங்க வேகவைக்கிறது? கழிவு இரும்புல கெட்டியா ஒண்ணப் புடிச்சு, ஒரே சூடு, ஒரே தண்ணி. உள்ள வெளிய எல்லாம் ஒரே கெட்டி. இனிமே அந்த அம்மா ராவுனா அரம்தான் தேயும்.”

உள்ளேயும் கெட்டியா இருந்தா ஒடியும். எனக்குள் அந்தக் குரல் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அந்த வாரம் அரம்மா வந்தார். மஞ்சள் டப்பாவைப் பிரித்தார். ராவினார். வழுக்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வழுக்கியது. ஐந்தாறு பின்களை ராவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் என்னவோ நடந்தது. என்னவென்று எனக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கிறார்.

“இப்பதான்யா நீ மனுசனா ஆயிருக்க” என்றார் முதலாளியிடம். என்னிடம், “என்னடா பரீட்ச, பாஸாயிட்ட போலருக்கு?” என்றார்.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். “அம்மாவுக்கு ஒரு டீ சொல்லிட்டு வா” என்றார் முதலாளி. நான் டீ சொல்லப் போனேன். திரும்பி வந்தபோது திறந்த வாய் மூடிவிட்டிருந்தது. டீயை மட்டும் கொடுத்தேன். குடித்தார்.

மறுநாளே கடை வாசலில் ஒரு போர்டு தொங்கியது: ‘அரம்மா பார்த்த பின் இங்கே கிடைக்கும்’. படித்தவர்கள், “அந்தம்மா பார்த்த பின் என்னங்க கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். பதினொரு ஜோடி விற்றேன்.

அதில் ஒரு ஜோடி, ஏலாக்குறிச்சி போகிற ஒரு தனியார் பஸ்ஸுக்குப் போனது. வாங்கிப் போனவர் அதன் டிரைவர் செல்வராசு. “அம்மாவே பார்த்துட்டாங்கன்னா அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம், மாதா கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்த பஸ், ஒரு சின்னப் பாலத்தின் பள்ளத்தில் இறங்கியது. சின்னப் பள்ளம்தான். இடது பக்கத்துப் பின் இரண்டாக ஒடிந்தது. சக்கரம் சாய்ந்து, பஸ் ரோட்டை விட்டிறங்கிக் கரும்புக் கொல்லைக்குள் முப்பது அடி போய் நின்றது. கரும்புதான் காப்பாற்றியது. உயிர் எதுவும் போகவில்லை. ஒரு பெரியவருக்கு முன்பல் இரண்டு போயிற்று. செல்வராசுவுக்கு வலது கால் முறிந்தது. முறிந்த காலோடு கிடந்தவரைக் கூட்டம் இழுத்துப் போட்டு, “குடிச்சிட்டாடா ஓட்டுன?” என்று அடித்தது. அவர் தண்ணீரையும் மோரையும் தவிர வேறெதுவும் குடிக்காதவர். அடித்தவர்களுக்குத் தெரியாது, அடி வாங்க வேண்டியவன் பெரம்பலூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான் என்று.

சேதி கேட்டு அரம்மா போனார். பஸ்ஸுக்கு அடியில் புகுந்தார். ஒடிந்த இரண்டு துண்டுகளோடு வெளியே வந்தார். ஒடிந்த இடத்தைப் பார்த்தார். நல்ல பின்னாக இருந்தால் ஓரத்தில் மட்டும் வெளிச்சமாக ஒரு வளையமும், உள்ளே மங்கலான நாரும் தெரியும். இது ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கல்கண்டு மாதிரி மினுமினுத்தது. அங்கே நின்றிருந்தவர்கள் சொன்னார்கள்: அரம்மா அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் செல்வராசுவின் அம்மா. “நான்தாங்க அந்தப் பின்னு நல்லாருக்குன்னு சொன்னவ” என்று அவர் முன்னால் போய் நின்றாராம்.

அந்த அம்மா அழுதுகொண்டே, “ஏந்தாயி இப்படிப் பண்ணிட்ட?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

“இது பத்தாதுங்க. இப்படிக் கேட்டா எனக்கு ஒறைக்காது. கெட்டியாத் திட்டுங்க.”

“எனக்கு அப்படியெல்லாம் திட்ட வராது தாயி.”

“நான் சொல்லித் தரேன்” என்று சொல்லி, தன்னைத் திட்டுவதற்கான வார்த்தைகளைத் தானே எடுத்துக்கொடுத்தாராம் அரம்மா. நர்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை கடை திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தோம். அரம்மா வந்தார். கையில் அரம் இல்லை, சம்மட்டி. மஞ்சள் டப்பாக்களை அள்ளிக்கொண்டுபோய் வாசல் படியில் கொட்டினார். முதல் பின்னை வாசல் படிக்கும் ஒரு செங்கல்லுக்கும் குறுக்கே வைத்து ஓங்கி அடித்தார். பளீரென்று இரண்டாக ஒடிந்தது. அடுத்தது. பளீர். அடுத்தது. ரோட்டில் லாரிகள் நின்றுவிட்டன.

“போலீசுக்குச் சொல்லுவேன்!” என்று கத்தினார் முதலாளி.

“சொல்லு! நானே எழுதித் தரேன்! அரம் தோலைத்தான் சொல்லும், வயித்துல இருக்கறதச் சொல்லாதுன்னு தெரிஞ்ச கழுத நான்! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு ஒண்ணே ஒண்ண ஒடிச்சுப் பார்க்கத் தோணலியே எனக்கு! நாலு பேரு கும்பிட்டதும் தலைக்கேறிடுச்சு!” போர்டைப் பிடுங்கி அதன் மேலும் ஒரு அடி. “மிச்சத்த யாருக்குய்யா வித்த? சொல்லு!”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றார் முதலாளி.

எனக்கு இருந்தது. பத்து வண்டியும், பத்து முகமும். கவுன்ட்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தேன். “எனக்குத் தெரியும்மா, வாங்க” என்றேன். பின்னால் முதலாளி என் வேலை, என் வம்சம் இரண்டையும் பற்றி ஏதோ சொன்னார்.

அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். ஏஜென்ட் சொன்னது, நான் கேட்டது, டீ வாங்கப் போனது எல்லாம். சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் என்னென்ன விழும் என்று எனக்குத் தெரியும். தயாராக இருந்தேன்.

ஒன்றும் விழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அரியலூரில் இறங்கும்போது, “நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரெட்டிபாளையம் சிமென்ட் ஃபேக்டரி கேட்டுக்கு வந்துருங்க தம்பி” என்றார்.

வந்துருங்க. தம்பி. என்னை அவர் ‘டா’ போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ரெட்டிபாளையத்தில் லோடுக்கு நிற்கிற லாரி வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடினோம். முகத்தை நான் அடையாளம் காட்டுவேன். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பழைய பின்னைக் கழற்றிவிட்டுத் தன் உலையில் கேஸ் போட்ட பின்னைத் தானே மாட்டிக் கொடுத்தார். சிலர் ஒத்துக்கொண்டார்கள். ஒரு டிரைவர் முடியவே முடியாது என்றார். “எலுமிச்சம்பழம் கட்டியிருக்கேம்மா. ஒண்ணும் ஆவாது.”

“அப்ப அந்த எலுமிச்சம்பழத்தையே கிங் பின்னா மாட்டிக்கிட்டுப் போய்யா!” என்று கத்திவிட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டார். “எடு வண்டிய! மொதல்ல என் மேல ஏத்து. இந்தப் பின்னோட போனா எப்படியும் ஒருத்தி மேல ஏத்தத்தான் போற. அது நானா இருந்துட்டுப் போறேன்!” டிரைவர் இறங்கி ஸ்பேனரை எடுத்தார்.

இப்படி எல்லாரையும் திட்டினார். லாரிக்காரர்களை, கிளீனர்களை, ஃபேக்டரி வாட்ச்மேனை, வழி மறித்த ஒரு எருமையை. திரும்பி என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிடும். “சாப்டீங்களா தம்பி?” “வெயில்ல நிக்காதீங்க தம்பி.” அத்தனை பேரும் என்னை அவர் வீட்டு மாப்பிள்ளை என்று நினைத்தார்கள். ஒவ்வொரு ‘ங்க’வும் எனக்குச் சம்மட்டி. ஒருநாள் தாங்காமல், “அம்மா, ஒரு அறை கூட அறைஞ்சுடுங்கம்மா” என்றேன். “எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

மூன்று வாரத்தில் ஒன்பது வண்டி முடிந்தது. பத்தாவது கிடைக்கவில்லை. நெற்றியில் ‘அம்மாயி ஆசி’ என்று எழுதியிருந்த லாரி. வாங்கியவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. பச்சைத் துண்டு போட்டிருந்தார் என்பது மட்டும்தான் ஞாபகம். எங்கே லாரி கவிழ்ந்தது என்று கேள்விப்பட்டாலும் இருவரும் ஓடினோம். நெற்றியைப் பார்ப்போம். வேறு பெயராக இருக்கும். அரம்மா அப்படியே மைல்கல்லில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு வேறு வேலை இல்லை. அவருக்கும் அதைத் தவிர வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. உலையை வீட்டுக்காரர் தனியாகப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். செந்துறையில் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள் என்று போனோம். ரைஸ் மில்லுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், அம்மாயி ஆசி நின்றது. டயர் எதிலும் காற்று இல்லை. அடியில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பச்சைத் துண்டுக்காரர் வந்து, “இங்கதான் பின்னு மாத்துனேன். மறுநாள் கெளப்புனா எஞ்சின் படுத்துருச்சுங்க. அன்னையிலேருந்து இதே எடம்தான்” என்றார்.

“அப்ப ஓடவே இல்லியா?”

“ஒரு அடி கூட ஓடலீங்க.”

அரம்மா அவரைப் பார்த்தார். “ஏய்யா, வண்டின்னு ஒண்ணு வச்சிருந்தா அது ரோட்டுக்கு வர வேணாமா? ரெண்டு மாசமா ரோடு ரோடா அலையுறோம், இங்க ஆட்டுக்கு நெழலு குடுத்துக்கிட்டு நிக்கிறியா?” என்று கத்தினார். கத்திக்கொண்டே ஆட்டை விரட்டினார். கத்திக்கொண்டே அடியில் புகுந்து இரண்டு பின்னையும் கழற்றினார். சம்மட்டியால் அடித்தார். இரண்டும் ஒடிந்தன. துண்டுகளை அங்கேயே போட்டுவிட்டு வேப்பமரத்தில் சாய்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பச்சைத் துண்டுக்காரர் ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஓடவே இல்லீங்கம்மா. ஒரு அடி கூட ஓடல” என்று சொல்லிச் சிரித்தேன்.

சட்டென்று நின்றார். திரும்பினார்.

“ஏண்டா டேய்! இளிக்கிறியா? தெரிஞ்சே டீ வாங்கப் போன நாயி நீ! நான் முட்டாளு, எனக்குத் தோணல. உனக்குத் தோணுச்சேடா! நாக்க எங்கடா வச்சிருந்த, கல்லாப்பொட்டியிலயா? டீயக் குடுக்கறப்ப காதுல ஒரு வார்த்த சொன்னா உன் பி.எஸ்ஸி. கரைஞ்சு போயிருக்குமாடா? அவன் காலு ஒடிஞ்சிச்சேடா! அந்தம்மாவுக்குத் திட்டக் கூடத் தெரியலியேடா!”

செந்துறை பஸ் ஸ்டாண்ட் மொத்தமும் வாயைப் பிளந்து பார்த்தது. டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். அரியலூர் பஸ் வந்தது, ஏறினோம். சீட்டில் உட்கார்ந்தும் நிற்கவில்லை. என் படிப்பு, என் முகம், என் மஞ்சள் காமாலை, என்னை வேலைக்கு வைத்தவன், எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்தார். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் பயந்துபோய்த் தள்ளி நின்றார்.

நடுநடுவே மூச்சு வாங்குவதற்காக நிறுத்துவார். ஜன்னல் காற்றில் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அரியலூர் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று தோன்றியது.